எபிசோடு 37: பால்வாடியா, ப்ளே ஸ்கூலா?

போன எபிசோடுல குழந்தையைத் தூங்க வைக்கிறதைப் பத்திப் பேசினோம். அதுக்கு வந்த வாய்ஸ் நோட்டுகள்ல பாதிக்கு மேல தூக்கத்தைப் பத்தியே இல்ல. "ரெண்டரை வயசு ஆயிடுச்சு, எங்க சேர்க்கிறது?" இதுதான் கேள்வி. அதனால இன்னைக்கு அதையே பேசிடலாம். எனக்கும் ரெண்டு மாசமா தலைக்குள்ள ஓடிக்கிட்டு இருந்த விஷயம்தான்.

எங்க வீட்டு நிலவரத்தை முதல்ல சொல்லிடறேன், அப்பதான் நான் சொல்றது எங்க இருந்து வருதுன்னு புரியும். பாப்பாவுக்கு 2 வயசு 8 மாசம். நான் கள்ளக்குறிச்சியில வீட்டுல இருந்தே பெங்களூரு கம்பெனி ஒன்னுக்கு வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் கல்வராயன் மலையில, வெள்ளிமலை பக்கம் ஒரு அரசுப் பள்ளியில வாத்தியார். காலையில 7 மணிக்கு வண்டியை எடுத்தா கச்சிராயபாளையம், கோமுகி அணை, அப்புறம் மலை ஏற்றம். சாயங்காலம் 6 மணிக்கு முன்னாடி அவரை எதிர்பார்க்க முடியாது. எனக்கு 10 மணிக்கு ஸ்டாண்ட்-அப் கால். அத்தைக்கு முட்டி வலி. பாப்பாவுக்குக் கால் ஒரு இடத்துல நிக்காது.

அதனால ஒன்னை வெளிப்படையா சொல்லிடறேன். குழந்தையோட மூளை வளர்ச்சிக்காகத்தான் சேர்க்கிறோம்னு நாம எல்லாரும் சொல்லிக்கிறோம். பல வீட்டுல நிஜம் என்னன்னா, பெரியவங்களுக்கு ஒரு 3 மணி நேரம் கை ஓயணும். இதுல வெட்கப்பட ஒன்னும் இல்ல. ஆனா அந்த 3 மணி நேரம் யார் கையில குழந்தை இருக்கு, அவங்க அது கூட என்ன பேசறாங்க, அது என்ன சாப்பிடுதுங்கறதுதான் கேள்வி. சுவத்துல மிக்கி மவுஸ் இருக்கா இல்லையாங்கறது இல்ல.

நான் ரெண்டையும் போய்ப் பார்த்தேன். முதல்ல ப்ளே ஸ்கூல். பேரு வேண்டாம், நம்ம டவுன்ல இருக்கிறது எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். வருஷத்துக்கு 28 ஆயிரம், யூனிஃபார்ம் தனி, பை தனி. ஒரு ரூம்ல 20-க்கு மேல குழந்தைங்க, ஒரு மிஸ், ஒரு ஆயாம்மா. பெரிய டிவியில ரைம்ஸ் ஓடுது. "எவ்வளவு நேரம் டிவி?"ன்னு கேட்டேன். "ஒரு மணி நேரம்தான் மேடம், ஸ்மார்ட் கிளாஸ்"னு பெருமையாச் சொன்னாங்க. உலக சுகாதார நிறுவனம் 2019-ல சொன்னது என்னன்னா, 2 வயசு முடியாத குழந்தைக்குத் திரையே வேண்டாம், 2-ல இருந்து 4 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம், குறைச்சலா இருந்தா இன்னும் நல்லது. அதாவது நாள் முழுசுக்குமான அளவு அங்கயே முடிஞ்சு போச்சு. சாயங்காலம் சோறு ஊட்டும்போது செல்போனைக் காட்டுற வீட்டுக்கெல்லாம் கணக்கு எங்க போய் நிக்கும்னு நீங்களே போட்டுக்கங்க.

அதைவிட என்னை உறுத்தினது வேற. "இங்க தமிழ்ல பேச மாட்டோம் மேடம், அப்பதான் இங்கிலீஷ் வரும்"னாங்க. சரின்னு ஒரு அரை மணி நேரம் ஓரமா உட்கார்ந்து கவனிச்சேன். அந்த மிஸ் நல்ல பொண்ணு, சின்ன வயசு, குழந்தைங்க மேல பாசமும் இருக்கு. ஆனா அந்த அரை மணி நேரத்துல அவங்க வாயில இருந்து வந்தது மொத்தம் ஏழெட்டு வாக்கியம்தான். சிட் டவுன். டோன்ட் ரன். ஃபிங்கர் ஆன் யுவர் லிப்ஸ். ஒரு பையன் ஜன்னல் வழியா எதையோ காட்டி, "மிஸ், அந்தக் காக்கா ஏன் ஒத்தக் கால்ல நிக்குது?"ன்னான். அதுக்கு இங்கிலீஷ்ல பதில் சொல்ல அவங்களுக்கு வரல, தமிழ்ல சொல்ல அனுமதி இல்ல. "சிட் டவுன்"னாங்க. அவன் உட்கார்ந்துட்டான்.

குழந்தைக்குப் பேச்சு எப்படி வருதுன்னா, அது ஒன்னு கேட்கும், நாம ஒன்னு சொல்லுவோம், அதுக்கு மேல அது இன்னொன்னு கேட்கும். இந்தப் போக்குவரத்துதான் எல்லாம். டிவியால இதைச் செய்ய முடியாது, ஏன்னா அது பதில் சொல்லாது. அந்த மிஸ்ஸை அவங்க மொழியில பேச விட்டிருந்தா காக்காவைப் பத்தி அஞ்சு நிமிஷம் பேசியிருப்பாங்க. ஒரு மனுஷியோட பேச்சு முழுசையும் பூட்டி வச்சுட்டு, ஏழெட்டு வாக்கியத்தைக் குழந்தைக்குக் கொடுக்கிறதுக்கு நாம 28 ஆயிரம் கட்டறோம். இங்கிலீஷ் வேண்டாம்னு நான் சொல்லல. அதை வச்சுத்தான் நான் சம்பாதிக்கிறேன். ஆனா எனக்கு அது எட்டாவது ஒன்பதாவதுலதான் ஒழுங்கா வந்தது, மூனு வயசுல இல்ல.

அடுத்தது பால்வாடி. அரசாங்கப் பேரு அங்கன்வாடி, போர்டுல 'குழந்தைகள் மையம்'னு இருக்கும். ஆனா எங்க ஊர்ல யாரைக் கேட்டாலும் பால்வாடிதான். நானும் 2001-ல அங்க போனவதான். 1975 அக்டோபர் 2-ல ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் இந்தியாவுல ஆரம்பிச்சுது. 1982-ல எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டு வந்தப்போ 2 வயசுக் குழந்தைங்களுக்கும் மதியச் சாப்பாடு வந்துச்சு. இன்னைக்குத் தமிழ்நாட்டுல 54 ஆயிரத்துக்கும் மேல மையங்கள் இருக்கு. நம்ம தெருவுக்கு அடுத்த தெருவுல ஒன்னு இருக்கும். ஆனா நம்மள்ல முக்கால்வாசி பேர் சொட்டு மருந்து நாள் தவிர உள்ள கால் வச்சிருக்க மாட்டோம்.

உள்ள என்ன இருந்துச்சு? ஒரு ரூம், ஒரு ஃபேன், ஒரு டீச்சர், ஒரு உதவியாளர். உதவியாளரை எல்லாரும் ஆயான்னு கூப்பிடறாங்க. எங்க பக்கம் பாட்டியையும் ஆயான்னுதான் சொல்லுவோம், அதனால பாப்பாவுக்கு இப்போ 'வீட்டு ஆயா', 'பால்வாடி ஆயா'ன்னு ரெண்டு பேர். 17 குழந்தைங்க. பாட்டு, கதை, புளியங்கொட்டை எண்ணுறது. 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'ன்னு அவங்களுக்கு ஒரு பாடத்திட்டமே இருக்கு, மாசத்துக்கு ஒரு தலைப்புன்னு போகுது. மதியம் சூடா சாப்பாடு, வாரத்துக்கு 3 நாள் முட்டை. 6 மாசக் குழந்தையில இருந்து சத்துமாவு. வறுத்த கோதுமை, முளைகட்டின கேழ்வரகு, கடலை மாவு, வெல்லம். (வெல்லம் கொஞ்சம் கம்மியா போட்டிருக்கலாம்ங்கறது என் கருத்து. குழந்தை இனிப்புக்குப் பழகிட்டா வெறும் கஞ்சியைத் தொடாது.)

குறையும் இருக்கு, மறைக்க மாட்டேன். கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல. டீச்சரைக் கணக்கெடுப்பு, மீட்டிங்னு வேற வேலைக்கு இழுத்துட்டா அன்னைக்குப் பாட்டும் இல்ல, கதையும் இல்ல, ஆயா சோறாக்கிக்கிட்டே எல்லாத்தையும் மேய்க்கணும்.

ஆனா அங்க ஒரு பொருள் இருக்கு, அது எந்த ப்ளே ஸ்கூல்லயும் நான் பார்க்காதது. எடை பார்க்கிற மிஷினும், வளர்ச்சி அட்டையும். இதைப் பத்திக் கொஞ்சம் நீளமாவே பேசறேன், பொறுத்துக்கங்க.

அந்த அட்டையில கீழே வயசு, பக்கத்துல எடை. நடுவுல வளைஞ்சு போற கோடுகள். பச்சை, அதுக்குக் கீழ மஞ்சள், அதுக்கும் கீழ ஆரஞ்சு. இந்தக் கோடுகளை உலக சுகாதார நிறுவனம் 2006-ல வெளியிட்டுச்சு. இந்தியா, பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கான்னு 6 நாட்டுல சுமார் 8,500 குழந்தைங்களை அளந்து போட்டது. ஒழுங்கா தாய்ப்பாலும் சாப்பாடும் கிடைச்சா, 5 வயசு வரைக்கும் எல்லா நாட்டுக் குழந்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளருதுன்னு அதுல தெரிஞ்சுது. "நம்ம பரம்பரையே ஒல்லி"ன்னு சொல்றதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை நினைச்சுக்கங்க. 2 வயசுப் பெண் குழந்தைக்கு நடுக்கோடு 11.5 கிலோ, ஆண் குழந்தைக்கு 12.2 கிலோ. 11.5 இல்லாம 10.5 இருந்தா பதற வேண்டாம், அதுவும் பச்சைதான். பெண் குழந்தை 9 கிலோவுக்குக் கீழ போனாத்தான் மஞ்சள்.

நான் வேலையில டேஷ்போர்டு பார்க்கிறவ. சர்வர்ல ஒரு நிமிஷம் லோடு எவ்வளவுன்னு பார்த்து யாரும் முடிவு எடுக்க மாட்டோம், கோடு எந்தப் பக்கம் போகுதுன்னுதான் பார்ப்போம். குழந்தை எடையும் அப்படித்தான். ஒரு மாச எடை ஒன்னும் சொல்லாது, மூனு மாசம் சேர்ந்தாத்தான் சேதி. இதை முதல்ல பெருசா செஞ்சு காட்டினதுல நம்ம தமிழ்நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. 1980-ல உலக வங்கி உதவியோட தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம்னு ஒன்னு ஆரம்பிச்சாங்க. 6 மாசத்துல இருந்து 3 வயசு வரைக்கும் இருக்கிற குழந்தைங்களை மாசா மாசம் எடை போட்டு, எடை ஏறாம நின்னு போன குழந்தையைக் கண்டுபிடிச்சு, அதுக்கு மட்டும் குறைஞ்சது 90 நாள் கூடுதல் உணவு கொடுத்தாங்க. ஒல்லியா இருக்கிறது, வளராம நிக்கிறது, ரெண்டும் வேறன்னு பிடிச்சதுதான் அதுல முக்கியமான விஷயம்.

பாப்பாவைச் சேர்க்கலாமா வேண்டாமான்னு பார்க்கப் போன அன்னைக்கே டீச்சர் எடை போட்டுட்டாங்க. தடுப்பூசி அட்டையை வாங்கி, பழைய எடையெல்லாம் பார்த்துட்டு, "மூனு மாசமா நின்ன இடத்துலயே நிக்குதும்மா"ன்னாங்க. இடையில ஒரு வைரல் காய்ச்சல் வந்து போயிருந்துச்சு. குழந்தை ஓடியாடிக்கிட்டுதான் இருந்தா, பார்த்தா ஒன்னும் தெரியாது. டாக்டர்கிட்ட போனோம், ரத்தத்துல இரும்புச்சத்து கம்மி, சிரப் கொடுத்தார். டீச்சர் சொன்னது ரொம்ப எளிமை. காய்ச்சல் விட்ட பிறகு ரெண்டு வாரத்துக்கு ஒரு வேளை கூடுதலா கொடுங்க, சோத்துல ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விடுங்க, வேர்க்கடலையைப் பொடி பண்ணித் தூவுங்க, முக்கியமா மத்த பசங்களோட உட்கார வைங்க. வீட்டுல முட்டையைத் துப்புனவ, பால்வாடியில பக்கத்துப் பையன் தின்னுறதைப் பார்த்து முழுசா தின்னுட்டு வந்து நின்னா. இப்போ கோடு மேல ஏறுது.

வீட்டுல அத்தைக்கு இது பிடிக்கல. "வாத்தியார் பொண்ணு பால்வாடிக்குப் போச்சுன்னா நாலு பேரு என்ன பேசுவாங்க?"ன்னாங்க. நாலு பேரும் பேசினாங்கதான். பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தங்க ரொம்ப அக்கறையா, "அங்க வர்ற பசங்க சரியில்லம்மா"ன்னாங்க. ரெண்டரை வயசுல ஒரு குழந்தை எப்படிங்க சரியில்லாம போகும்? அங்க வர்றது ரைஸ் மில்லுல மூட்டை தூக்குறவங்க வீட்டுப் பிள்ளைங்க, கட்டட வேலைக்குப் போறவங்க வீட்டுப் பிள்ளைங்க. அந்த வார்த்தைக்கு அர்த்தம் என்னன்னு அவங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். யாரும் சாதின்னு சொல்ல மாட்டாங்க. 'சரியில்ல'ன்னு சொல்லுவாங்க. நான் சண்டை போடல, "சரிக்கா, பார்க்கலாம்"னு சிரிச்சுட்டு வந்துட்டேன். அத்தையைத்தான் ஒரு நாள் கையோட கூட்டிட்டுப் போனேன். பால்வாடி ஆயா அவங்களோட பழைய ஸ்நேகிதியோட தங்கச்சியாம். அதோட பிரச்சினை முடிஞ்சுது. நான் சேர்த்து வச்சிருந்த ஆராய்ச்சி, புள்ளிவிவரம் எதுக்கும் வேலை வரல.

இப்போ மலைக்குப் போவோம். ஏன்னா இதே கேள்வியை அங்க கேட்டா சிரிப்பாங்க.

2024 ஜூன்ல கருணாபுரம் விஷச்சாராயச் சாவுகளுக்கு அப்புறம்தான் கள்ளக்குறிச்சிங்கற பேரு நாடு முழுக்கத் தெரிஞ்சுது. அடுத்த மாசம் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களோட வாழ்க்கை நிலையைப் பத்தித் தானா முன்வந்து ஒரு வழக்கு எடுத்துச்சு. ரோடு, பஸ், ஆஸ்பத்திரின்னு அப்பதான் பேப்பர்ல வந்துச்சு. என் வீட்டுக்காரருக்கு அது புதுச் செய்தி இல்ல, தினமும் அந்த ரோட்டுலதான் போறார். அங்க இருக்கிற பெரும்பாலானவங்க மலையாளி பழங்குடி மக்கள். கேரளாவுக்கும் அந்தப் பேருக்கும் சம்பந்தம் இல்ல, மலையை ஆள்றவங்கன்னு அர்த்தம் சொல்லிக்கிறாங்க. சாமையும் மரவள்ளியும் போடுற காடு, காட்டுக்குள்ளயே வீடு. ஒரு ஊருன்னா தெருவா இருக்காது, இங்க நாலு வீடு, அந்தச் சரிவுல ஆறு வீடுன்னு சிதறி இருக்கும்.

இங்கதான் கணக்கு இடிக்குது. மலைப்பகுதியில 300 பேர் இருந்தா ஒரு அங்கன்வாடி, 150 பேர் இருந்தா ஒரு குறு அங்கன்வாடிங்கறது விதி. சமவெளியைவிடச் சலுகைதான், இல்லைன்னு சொல்லல. 2006 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் இன்னொன்னும் சொல்லுச்சு. 6 வயசுக்குள்ள 40 குழந்தைங்க இருக்கிற குடியிருப்பு கேட்டா, 3 மாசத்துக்குள்ள மையம் கொடுக்கணும். நல்ல தீர்ப்பு. ஆனா நாலு வீடும் ஆறு வீடுமா இருக்கிற இடத்துல 40 குழந்தைங்களுக்கு எங்க போறது? 12 குழந்தைங்க இருக்கும். அந்த 12-ம் அடுத்த ஊருக்கு நடக்கணும். ரெண்டரை வயசுக் குழந்தை நடக்காது, ஒருத்தர் தூக்கணும். அம்மா காட்டு வேலைக்குப் போயிருப்பாங்க, சில வீட்டுல அப்பா அம்மா ரெண்டு பேருமே காபித் தோட்ட வேலைக்கு வெளியூர் போயிருப்பாங்க. மிச்சம் இருக்கிறது பாட்டி. மழைக் காலத்துல அந்தப் பாட்டி ஓடையைத் தாண்டிப் பேரனைத் தூக்கிட்டுப் போவாங்களா? போனா முட்டை. போகலைன்னா சாமைக் கஞ்சி. நமக்கு எந்த இடம்ங்கறது கேள்வி. அவங்களுக்குப் போறதா வேண்டாமாங்கறது கேள்வி, அதையும் ஓடைத் தண்ணிதான் தீர்மானிக்குது.

இதுல என் தொழில் சம்பந்தப்பட்ட ஒன்னு இருக்கு. 2021-ல இருந்து எல்லா எடையையும் வருகையையும் போஷன் டிராக்கர்னு ஒரு ஆப்ல ஏத்தணும். வீட்டுக்குக் கொடுக்கிற சத்துமாவுக்கு முகத்தைப் படம் பிடிச்சு சரிபார்க்கணும்னு 2025 ஜூலையில கட்டாயமாக்கினாங்க. பொய்க் கணக்கைத் தடுக்கத்தான், நோக்கம் சரி. ஆனா மலையில பாதி இடத்துல நெட்வொர்க் கிடையாது. நான் எழுதுற சாதாரண ஷாப்பிங் ஆப்ல கூட, "நெட் இல்லைன்னா என்ன ஆகும்?"ங்கறதுதான் டிசைன் மீட்டிங்ல முதல் கேள்வியா வரும். முகம் பதிவாகலைங்கறதுக்காக ஒரு தாய் ரெண்டாவது தடவை அவ்வளவு தூரம் நடக்கிறாங்கன்னா, அந்த ஆப்போட பிழையைக் குழந்தை சுமக்குது. டீச்சரும் குழந்தைங்களோட பேச வேண்டிய நேரத்துல போனோட மல்லுக்கட்டிக்கிட்டு இருப்பாங்க.

அங்க இன்னொரு விஷயமும் உண்டு. மலையில உண்டு உறைவிடப் பள்ளிகள்தான் நிறைய. தூரத்து ஊர்ப் பிள்ளைங்க ஒன்னாம் வகுப்புலயே விடுதிக்கு வந்துடறாங்க. என் வீட்டுக்காரர் ஒரு பையனைப் பத்தி அடிக்கடி சொல்லுவார். அம்மாவோட பழைய புடவையை மடிச்சுத் தலைக்கு வச்சுக்கிட்டுதான் தூங்குவானாம். துவைக்க வாங்கினா அழுவானாம், வாசம் போயிடும்னு. அந்தப் பிள்ளைங்களுக்கு ஆறு வயசுக்கு முன்னாடி இருக்கிற வருஷங்கள்தான் வீட்டோட இருக்கிற வருஷங்கள். அதுக்குப் பக்கத்துல நடக்கிற தூரத்துல ஒரு நல்ல பால்வாடி இருக்கிறதும் இல்லாததும் சின்ன விஷயம் இல்ல.

நாங்க என்ன முடிவு பண்ணினோம்னா, பாப்பா இப்போ தினமும் 10-ல இருந்து 1 மணி வரைக்கும் பால்வாடிக்குப் போறா. சாப்பிட்டுட்டு வந்துடுவா. மத்தியானம் வீட்டுத் தூக்கம். அந்தக் கழிவறைத் தாழ்ப்பாளை நாங்க மூனு வீட்டுக்காரங்க காசு போட்டு மாட்டினோம், ஆச்சாரிக்கூலியோட 350 ரூபாய். மாசத்துக்கு ஒரு நாள் போய் அட்டையில புள்ளி வைக்கும்போது நானும் கூட நிக்கிறேன். அப்படி ரெண்டு பேர் நின்னு கேட்டாலே, அன்னைக்கு எடை மிஷின் சரியா வேலை செய்யுது. இது நக்கல் இல்ல, கவனிச்சதைச் சொல்றேன்.

நீங்க போய்ப் பார்க்கிறதா இருந்தா, காலையில 11 மணிக்குப் போங்க, சொல்லாம போங்க. ப்ளே ஸ்கூலோ பால்வாடியோ, அரை மணி நேரம் உட்காருங்க. குழந்தை கேட்கிற கேள்விக்குப் பெரியவங்க பதில் சொல்றாங்களான்னு மட்டும் எண்ணிக்கிட்டு வாங்க. பால்வாடி தூரமா இருந்து, வேலை நேரம் ஒத்து வராம ப்ளே ஸ்கூல்ல சேர்த்திருந்தாலும் ஒன்னும் கெட்டுப் போகல. எடை போடவும், 6 மாசத்துக்கு ஒரு தடவை வைட்டமின் ஏ திரவத்துக்கும் பால்வாடிக்குப் போகலாம். யாரும் விரட்ட மாட்டாங்க.

அடுத்த ஜூன்ல என்ன பண்றதுன்னு வீட்டுல இன்னும் பேச்சு ஓடுது. 2019 ஜனவரியில அரசு நடுநிலைப் பள்ளி வளாகத்துல இருக்கிற 2,381 அங்கன்வாடிகள்ல எல்கேஜி, யுகேஜி ஆரம்பிச்சாங்க. அந்த மாதிரி ஒன்னு கிடைச்சா அங்கயே தொடரலாம்ங்கறது அவரோட கட்சி. ஒன்னாம் வகுப்பு போனா காலைச் சிற்றுண்டியும் இருக்கும்னு சொல்றார். எனக்கு அந்த வகுப்புக்குன்னு தனி டீச்சர் இருக்காங்களான்னு பார்த்துட்டுதான் மத்ததெல்லாம். அத்தை இப்போ பால்வாடி கட்சி, ஏன்னா போய்வர அவங்களுக்கு ஒரு பேச்சுத்துணை கிடைச்சிருக்கு.

உங்க வீட்டுத் தடுப்பூசி அட்டையை எடுத்து, கடைசி மூனு மாச எடையை வரிசையா எழுதிப் பாருங்க. எழுத எடையே இல்லைன்னா, அதையும் வாய்ஸ் நோட்ல சொல்லுங்க. அடுத்த எபிசோடு சாப்பாடு. சாமைக் கஞ்சியை எப்படி வச்சா குழந்தை துப்பாதுன்னு மலையில ஒரு பாட்டிகிட்ட கேட்டுட்டு வர்றதா அவர் சொல்லியிருக்கார். பார்க்கலாம்.